பாக்கெட் வாட்ச் கூடு முழுத் தங்கமா, கவரிங்கா? உரசிப் பார்க்கும் முன் செய்ய வேண்டியவை

பெரியப்பா விட்டுப்போன பாக்கெட் வாட்சை வைத்துக்கொண்டு ஏழு வாரம் அலைந்தேன். கூட்டின் உள்ளே '14 கே' என்று பொறித்திருந்தது. முதலில் பார்த்தவர் எக்ஸ்-கதிர் கருவியில் வைத்து, "பதினாலு காரட், முழுத் தங்கம்" என்றார். இரண்டாமவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஓரத்தில் அரத்தால் ஓர் இழுப்பு இழுத்து, அமிலத்தைத் தொட்டு வைத்து, "கவரிங் சார் இது" என்று கையில் கொடுத்துவிட்டார். அதற்குள் வீட்டில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு பேசி முடித்திருந்தோம். அது தனிக்கதை.

கடைசியில் பார்த்தால் விடை கூட்டிலேயே எழுதியிருந்தது. பின்மூடியின் உள்பக்கம், அழுக்குக்கு அடியில்: 'கேரண்டீட் 25 இயர்ஸ்'. இந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அரம் போட்ட கீறல் மட்டும் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அதனால் நீங்கள் இந்த வரிசையில் போங்கள். முதல் நான்கு படிகளுக்குச் செலவில்லை, ஒரு மாலைப் பொழுது போதும். ஐந்தாவதற்கு ஒரு நல்ல தராசு வேண்டும். ஆறாவதில்தான் வெளி ஆளுக்குக் காசு கொடுக்க வேண்டிவரும்.

முதலில் சொல்லை ஒழுங்குபடுத்திக்கொள்வோம். முழுத் தங்கக் கூடு என்றால் சொக்கத் தங்கம் என்று அர்த்தமில்லை. 24 காரட்டில் கூடு செய்தால் பையில் கிடந்தே நசுங்கிவிடும். 9, 10, 14, 18 காரட் கலவை மேலிருந்து கீழ்வரை ஒரே உலோகமாக இருந்தால் அதுதான் முழுத் தங்கக் கூடு. 'கோல்டு ஃபில்ட்' என்பது வேறு. பெயரைக் கேட்டால் உள்ளே தங்கம் நிரப்பியது போலத் தோன்றும், உண்மையில் நேர்மாறு. நடுவில் பித்தளை போன்ற மட்ட உலோகத் தகடு, அதன் இரு பக்கமும் தங்கத் தகடு வைத்து அழுத்தி உருட்டியது. முலாம் என்பது மூன்றாவது வகை, மிக மெல்லிய பூச்சு. முலாமைக் கண்டுபிடிப்பது எளிது. நம்மை ஏமாற்றுவது இந்தக் கோல்டு ஃபில்ட்தான்.

1. முதல் நாள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

மெருகு போடாதீர்கள். பளபளப்பாக்கும் ஆசையில் தேய்த்தால் முத்திரைகள் மழுங்கும், அடி உலோகம் எட்டிப்பார்க்கிற இடங்களும் மறைந்துவிடும். உங்களுக்குச் சாட்சி சொல்லப்போவது அந்த இரண்டும்தான்.

காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் நிறையப் பேர். வேண்டாம். பித்தளையைக் காந்தம் இழுக்காது, ஆகவே கோல்டு ஃபில்ட் கூடும் இந்தச் சோதனையில் தேறிவிடும். அசல் தங்கக் கூட்டிலோ மூடியைத் தூக்கிவிடும் வில்லும் பூட்டும் எஃகு, அதனால் காந்தம் ஒட்டும். இரண்டு பக்கமும் பொய் சொல்கிற சோதனை இது. போதாததற்கு உள்ளிருக்கும் மயிரிழைச் சுருள்வில் காந்தம் ஏறி, கடிகாரம் தறிகெட்டு வேகமாக ஓட ஆரம்பிக்கும்.

வாங்கியபோதோ கைக்கு வந்தபோதோ எந்த நிலையில் இருந்ததோ, அப்படியே எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பின்னால் யாராவது கீறினால் கீறல் புதிதா பழையதா என்ற வாக்குவாதத்தில் அதுதான் கைகொடுக்கும்.

2. கூட்டைத் திறப்பது

கூடு எந்த வகை என்று பாருங்கள். பின்னால் கீல் இருந்தால் எதிர்ப்புறம் நகம் நுழையச் சின்ன உதடு இருக்கும். நகத்துக்கு மசியவில்லையென்றால் மழுங்கிய மெல்லிய தகடு போதும். பேனாக்கத்தி வேண்டாம், நழுவினால் கூட்டில் கோடு விழும். கீல் இல்லை, உதடும் இல்லை என்றால் பெரும்பாலும் திருகு மூடி. உள்ளங்கையில் ரப்பர் துண்டு வைத்து இடப்பக்கமாகத் திருப்புங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. சில அமெரிக்கக் கூடுகளுக்குப் பின்மூடியே கிடையாது. முன்கண்ணாடி வளையத்தைக் கழற்றினால் இயந்திரம் கீலில் ஆடி முன்பக்கமாக வெளியே வரும். இல்லாத மூடியைத் திறக்கப் பின்னால் நெம்பி நெம்பிக் கெடுத்த கூடுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த வகை என்று பட்டால் கடிகாரம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

முன்பக்கமும் மூடி உள்ள வகை என்றால், மூடும்போது சாவிக் குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டே மெதுவாக மூடுங்கள். 'டப்' என்று அடித்து மூடினால் எஃகுப் பூட்டு தங்க விளிம்பை அரித்துவிடும். அரிபட்ட அந்த இடம் நான்காம் படியில் நமக்கு வேண்டியிருக்கிறது.

3. எழுத்தைப் படியுங்கள்

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று, சாய்வாக விழும் வெளிச்சம், பஞ்சு சுற்றிய குச்சி. இவ்வளவு போதும். பின்மூடியின் உள்பக்கம், அதற்கும் இயந்திரத்துக்கும் நடுவில் இன்னொரு மூடி (உள்மூடி) இருந்தால் அதன் இரு பக்கம், கண்ணாடி வளையத்தின் உள்விளிம்பு, கழுத்து, கழுத்தில் தொங்கும் வளையம் என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். கண்டதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள், புரியாத கிறுக்கல் உட்பட.

ஆண்டுக் கணக்கு எழுதியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. 'கேரண்டீட் 20 இயர்ஸ்', 'வாரண்டட் 10 இயர்ஸ்' போன்ற வரிகள் கோல்டு ஃபில்ட் கூட்டில்தான் வரும். மேலே இருக்கும் தங்கத் தோல் இத்தனை ஆண்டு தேயாது என்று கூடு செய்தவர் கொடுத்த உறுதி அது. முழுத் தங்கத்துக்கு அப்படி உறுதி எதற்கு? தேய்ந்தால் உள்ளேயும் தங்கம்தானே. பக்கத்தில் '14 கே' என்று இருந்தாலும் ஏமாறாதீர்கள், அந்தத் தோல் 14 காரட் என்று மட்டுமே அதற்குப் பொருள். நான் விழுந்த குழி இதுதான். ஆண்டுக் கணக்கு போடும் பழக்கத்தை அமெரிக்க அரசு 1924-இல் நிறுத்தியது. அதற்குப் பிந்திய கூடுகளில் 'கோல்டு ஃபில்ட்', 'ரோல்டு கோல்டு பிளேட்' என்று நேராகவோ 'ஜி.எஃப்.', 'ஆர்.ஜி.பி.' என்று சுருக்கியோ இருக்கும். பிரெஞ்சில் 'பிளாக்கே ஓர்' என்றால் அதுவும் பூச்சுதான்.

சில பெயர்களே விடை சொல்லிவிடும். 'ஜே. பாஸ்', 'ஃபாஹிஸ் மான்டாக்', டெனிசன் என்ற நிறுவனம் செய்த கூடுகளில் 'ஸ்டார்', 'மூன்' எல்லாம் கோல்டு ஃபில்ட் வரிசைகள்.

அமெரிக்கக் கூட்டில் ஆண்டுக் கணக்கு இல்லாமல், செய்தவரின் சின்னத்தோடு '14 கே', 'வாரண்டட் யூ.எஸ். அஸே' என்று மட்டும் இருந்தால் முழுத் தங்கமாக இருக்க நல்ல வாய்ப்பு. ஆனால் 'யூ.எஸ். அஸே' என்பதைப் பார்த்து அரசாங்க முத்திரை என்று மயங்க வேண்டாம். அங்கே அரசு சோதனைச்சாலை முத்திரை என்ற முறையே இல்லை. செய்தவர் தன் பொருளுக்குத் தானே சொல்லிக்கொண்ட வார்த்தை அது. அதனால் அடுத்த படிகளையும் பார்த்தே தீரவேண்டும்.

பிரிட்டிஷ் கூடு என்றால் முத்திரை ஒற்றையாக வராது, கூட்டமாக வரும். செய்தவரின் முதலெழுத்துகள், தரம், ஊர்ச் சின்னம், ஆண்டைக் குறிக்கும் எழுத்து. பர்மிங்ஹாமுக்கு நங்கூரம், லண்டனுக்குச் சிறுத்தைத் தலை. 18 காரட்டில் கிரீடம் இருக்கும். 1854-இலிருந்து 9, 12, 15 காரட்டுக்கு இடம் கொடுத்தார்கள். 12-உம் 15-உம் 1932-இல் போய், 14 வந்தது. ஆகவே '15', '.625' என்று சேர்ந்து வந்தால் 1932-க்கு முந்திய கூடு என்பதும் கூடவே தெரிந்துவிடும். இந்த முத்திரைக் கூட்டத்தைப் போலவே பார்வைக்கு இருக்கும் போலிச் சின்னங்களும் உண்டு. ஊர்ச் சின்னம் எந்த ஊருக்கும் பொருந்தவில்லை என்றால் சந்தேகப்படுங்கள்.

சுவிஸ் கூட்டில், 1880 சட்டத்துக்குப் பிறகு, பெண் தலை என்றால் 18 காரட், அணில் என்றால் 14. நிற்கும் கரடியையோ காட்டுக்கோழியையோ பார்த்தால் அது வெள்ளி, மஞ்சளாகத் தெரிவது மேலே ஏற்றிய முலாம். 800, 875, 925, 935 என்ற எண்களும் வெள்ளிக்கானவை. பிரெஞ்சுக் கழுகுத் தலை 18 காரட்டைக் குறிக்கும். எள்ளளவுதான் இருக்கும், லூப் இல்லாமல் தேடவே வேண்டாம். ரஷ்யக் கூட்டில் '56' என்று இருந்தால் ஏதோ வரிசை எண் என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் கணக்கில் முழுமை 96, எனவே 56 என்பது நம் 14 காரட்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இன்னும் இரண்டு. உள்மூடியில் '15 ரூபி' என்று அழகாகப் பொறித்திருக்கும். அது இயந்திரத்தில் உள்ள கற்களின் எண்ணிக்கை, காரட் அல்ல. அதே உள்மூடியில் 'குவிவ்ர்' என்றோ 'மெட்டல்' என்றோ இருந்தால் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். அந்த ஒரு மூடி மட்டும் மட்ட உலோகம் என்று நேர்மையாகச் சொல்லும் எழுத்து அது. வெளிக்கூடு அசல் தங்கமாக இருக்கும் கடிகாரங்களிலும் இதைப் பார்க்கலாம். ஆகவே வெளிமூடியைத் தனியாகப் படியுங்கள்.

எழுத்தே இல்லையென்றால்? இல்லாததால் தங்கம் இல்லை என்று ஆகிவிடாது. அடுத்த படிக்குப் போங்கள்.

4. பல்லிளிக்கும் இடங்கள்

கவரிங் நகை நாள்பட்டால் பல்லிளிக்கும் என்போம். கூட்டுக்கும் அதே கதைதான், எங்கே இளிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நடுவில் தேடினால் கிடைக்காது. வளையம் கழுத்தில் உரசும் துளை, கீலின் மூட்டுகள், நகம் நுழைக்கும் உதடு, பின்மூடியின் மேடான விளிம்பு, செதுக்கு வேலையின் முகடுகள். இங்கெல்லாம் லூப் வைத்து நிதானமாகப் பாருங்கள்.

முன்மூடி உள்ள கூட்டில் நான் முதலில் பார்க்கும் இடம், பூட்டு வந்து கொக்கியிடும் உள்விளிம்பு. நூறு வருடமாக எஃகு உரசி அங்கே சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். பள்ளத்தின் அடியும் சுற்றியிருக்கும் நிறத்திலேயே இருந்தால் நல்ல சகுனம். பள்ளத்தைச் சுற்றி மஞ்சள் கரை, நடுவில் வெளிறிய அல்லது செம்பு படிந்த வேறு நிறம் என்றால் கோல்டு ஃபில்ட். சில கூடுகளில் மூடியின் வெட்டு விளிம்பிலேயே மெல்லிய கோடு தெரியும், இரண்டு தோலுக்கு நடுவில் இருக்கும் பித்தளை அது. என் வாட்சில் தேடித் தேடிப் பார்த்தும் கோடு கிடைக்கவில்லை, கழுத்துத் துளையில்தான் நிறம் மாறியிருந்தது. வெளிச்சத்தைச் சாய்த்த பிறகே அதுவும் தெரிந்தது.

தொங்கும் வளையம் மட்டும் பல்லிளித்தால் உடனே முடிவு கட்டாதீர்கள். தேய்ந்து அறுந்து மாற்றப்படுகிற பாகம் அது. தங்கக் கூட்டில் கவரிங் வளையமும் இருக்கும், கவரிங் கூட்டில் தங்க வளையமும் இருக்கும்.

5. தண்ணீர் கணக்கு

கையில் கனமாக இருக்கிறது என்பது சான்று அல்ல. பாதிக் கனம் இயந்திரத்துடையது. ஆனால் பின்மூடி தனியாகத் திருகி வருமானால் அடர்த்தியை வீட்டிலேயே கணக்கிடலாம். 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். 0.1 கிராம் தராசு இதற்கு உதவாது.

மூடியை உலர எடை போடுங்கள். பிறகு தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். மூடியை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் தண்ணீரில் முழுக்கத் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் உலர் எடையை வகுக்க வேண்டும். உதாரணமாக மூடி 12.60 கிராம், தண்ணீரில் 0.97 என்றால் விடை ஏறக்குறைய 13. அது 14 காரட்டுக்கு ஒத்துவரும். 18 காரட் 15-க்கு மேலே நிற்கும், 9 காரட் 11-ஐ ஒட்டி. பித்தளை எட்டரை, செம்பு 9-க்குச் சற்றுக் குறைவு. கோல்டு ஃபில்ட் மூடி இந்த அடி உலோகத்தை விடக் கொஞ்சம்தான் மேலே வரும்.

செதுக்கு வேலையின் இடுக்கில் காற்றுக் குமிழி ஒட்டினால் கணக்கு தப்பும், தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விடுங்கள். மூன்று முறை செய்து, மூன்றும் நெருங்கி வந்தால் மட்டும் நம்புங்கள். கீல் மூடியை நீங்களே கழற்ற முயல வேண்டாம். எனாமல் வேலை உள்ளது, கல் பதித்தது இரண்டையும் விட்டுவிடுங்கள். இயந்திரத்தோடு தண்ணீரில் முக்கிய ஒருவரை எனக்குத் தெரியும், அவர் பெயரைச் சொல்லவில்லை.

6. கருவியும் அமிலமும்

எக்ஸ்-கதிர் கருவி கீறாது, ஓர் இடத்துக்குச் சில நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரைதான் ஆகும். ஆனால் அது பார்ப்பது தோலை மட்டும், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு. பழைய கோல்டு ஃபில்ட் கூடுகளின் தங்கத் தோல் அதைவிடப் பல மடங்கு தடிமன். ஆகவே கருவி '58.5 சதவீதம்' என்று காட்டியது பொய் அல்ல, தோலைப் பற்றிய உண்மை. அதை வைத்துக் கூடு முழுக்கத் தங்கம் என்று சொன்னதுதான் தப்பு. என் முதல் ஆள் செய்தது அதுதான். நடுமுதுகில் ஒரே ஒரு தடவை வைத்துவிட்டு முடித்துக்கொண்டார்.

நீங்கள் போனால் நான்காம் படியில் குறித்த தேய்ந்த இடங்களைக் காட்டி, அங்கே வைக்கச் சொல்லுங்கள். பூட்டுப் பள்ளம், கழுத்துத் துளை, வெட்டு விளிம்பு, இவற்றோடு ஒப்பிட நடுமுதுகு. இடத்துக்கு இடம் தங்கம் குறைந்து செம்பும் துத்தநாகமும் ஏறினால் பூச்சு. எல்லா இடத்திலும் ஒரே கணக்கு, அடர்த்தியும் ஒத்துப்போகிறது, முத்திரையும் சரி என்றால் தைரியமாக முழுத் தங்கம் எனலாம்.

உரைகல்லும் அமிலமும் கடைசிப் புகலிடம். லேசாக உரசினால் அதுவும் தோலைத்தான் சொல்லும், ஆழமாக அரம் போட்டால்தான் உண்மை தெரியும். அப்போது கூடு காயப்படும். தவிர்க்க முடியாதென்றால் உள்விளிம்பில், கண்ணில் படாத இடத்தில், உங்கள் சம்மதத்தோடு நடக்கட்டும். அதற்கு முன் இயந்திரத்தை வெளியே எடுத்துத் தள்ளி வைக்க வேண்டும். அமிலப் புகை பட்டால் எஃகு துருப்பிடிக்கும்.

7. தாளும் காசும்

கொடுக்கும் முன் கேளுங்கள்: கட்டணம் ஒரு பொருளுக்கா, ஓர் இடத்துச் சோதனைக்கா? திறந்து மூடுவதற்குத் தனியா? எழுத்தில் அறிக்கை தருவார்களா, அதற்குத் தனிக் காசா? பல இடத்தில் வாய்மொழியாகச் சொல்வதற்குக் குறைவு, தாளில் தருவதற்குக் கூடுதல். விற்கவோ பங்கு பிரிக்கவோ போகிறீர்கள் என்றால் தாள் இல்லாமல் திரும்பாதீர்கள்.

ஒப்படைப்புச் சீட்டில் மொத்த எடை, கூட்டின் எண், இயந்திரத்தின் எண், 'அரம் போடக் கூடாது, மெருகு போடக் கூடாது' என்ற வரி, திரும்பத் தரும் நாள், எல்லாம் இருக்கட்டும். அறிக்கையில் சோதித்த இடங்களின் பெயர் வேண்டும். 'மேற்பரப்பு அளவீடு' என்று மட்டும் எழுதியிருந்தால் அது முழுத் தங்கச் சான்று ஆகாது.

கூட்டின் எண்ணும் இயந்திரத்தின் எண்ணும் வேறு வேறாக இருந்தால் பதறாதீர்கள். அமெரிக்கக் கடிகாரங்களில் இரண்டும் தனித்தனியாக விற்கப்பட்டு, கடையில்தான் சேர்த்துப் பொருத்தினார்கள். இயந்திரத்தின் எண்ணைத் தேடினால் அது செய்த ஆண்டு கிடைக்கும், கூட்டின் உலோகம் கிடைக்காது. என் ஏழு வாரத்தில் ஒன்று இந்தத் தேடலில்தான் போனது.

வாங்குபவராக இருந்தால் பின்மூடியின் உள்பக்கப் படத்தைக் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால் விட்டுவிடுங்கள். '14 காரட் முத்திரை உள்ளது' என்று எழுதுவதும் 'முழு 14 காரட் தங்கம்' என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவது வரியோடு, சோதனையில் தேறாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் உறுதியும் எழுத்தில் இருந்தால் மட்டும் தங்க விலை பேசுங்கள்.

விற்பவராக இருந்தால் எடைக் கணக்கில் கவனம். இயந்திரம், கண்ணாடி, எஃகு வில் எல்லாம் கழித்த எடைதான் தங்கத்தின் எடை, அதை உங்கள் கண்முன் போடச் சொல்லுங்கள். கூட்டை உருக்கித் தங்க விலைக்கே கொடுப்பதாக முடிவு செய்தாலும், அதற்கு முன் பழைய கடிகாரம் சேகரிப்பவர் ஒருவரிடமாவது முழுதாகக் காட்டிவிடுங்கள். கூடு இழந்த இயந்திரத்தைக் கேட்பார் குறைவு, கூட்டோடு சேர்த்தால் தங்கத்தின் விலையைத் தாண்டுகிற கடிகாரங்களும் உண்டு. உருக்கிய பிறகு இந்த விசாரணைக்கு வழியில்லை.